மருமகன் விதி

சென்ற ஞாயிறு அஜின்கோர்ட் சமூக நிலையத்தில் நீங்கள் தந்த மட்டன் ரோல்ஸ் மிக நன்றாக இருந்தது. எங்கே வாங்கினீர்கள் என்று கேட்க மறந்துவிட்டேன். விசாரணைக்குக் கூப்பிட்ட ஆளுக்கு இரண்டு ரோல்ஸ் கொடுத்து, மூன்றாவதையும் எடுக்கச் சொல்லி வற்புறுத்தும் ஒழுக்காற்றுக் குழு உலகத்தில் வேறெங்கும் இருக்காது. அந்த மரியாதைக்காகவே எதையும் ஒளிக்காமல் எழுதுகிறேன். மருமகன் விதி எப்படி வந்தது, அதில் என் பங்கு என்ன என்பதுதானே உங்கள் கேள்வி.

என்னை உங்கள் மூவருக்கும் தெரியும், ஆனாலும் பதிவில் இருக்கட்டும். பெயர் கனகசிங்கம், வயது அறுபத்தாறு, வீடு ரூஜில். முப்பது வருடம் தபால் பிரிக்கும் நிலையத்தில் வேலை செய்து ஓய்வு பெற்றவன். முத்துவயல் இந்துக் கல்லூரியின் பழைய மாணவன். ஊரில் பதினான்கு கல்லூரிகளில் படித்துவிட்டுப் புலம்பெயர்ந்து வந்தவர்கள் இங்கே சங்கம் வைத்து, வருடாவருடம் செப்டெம்பர் முதல் ஞாயிறு ஸ்காபரோவில் நடத்துகிற உதைபந்தாட்டக் கிண்ணத்துக்கு ஒன்பது வருடமாக நான்தான் விதிமுறைச் செயலாளர். சம்பளம் இல்லை. பேச்சு வாங்குவது மட்டும் தாராளமாக உண்டு.

எங்கள் ரசிகர்களைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். மைதானத்தில் இருபத்திரண்டு பேர் விளையாடினால் கூடாரங்களுக்குள் இருநூறு பேர் நடுவர் வேலை பார்ப்பார்கள். தோற்றால்கூடப் பொறுப்பார்கள், விதியை மாற்றினால் பொறுக்க மாட்டார்கள். முதலில் கல்லூரியில் படித்தவர் மட்டுமே விளையாடலாம் என்றிருந்தது. வருடம் போகப்போக எங்கள் அணியில் ஓடுகிறவர்களைவிட முழங்காலுக்குப் பட்டி கட்டியவர்கள் அதிகமானார்கள். ஒரு வருடம் அரையிறுதியில் இரண்டு பேரை அம்புலன்ஸ் ஏற்றிப் போனது. அதற்குப் பிறகுதான் மகன்மாரும் விளையாடலாம் என்று திருத்தினேன். அந்த வருடம் ரசிகர்கள் கதிரைகளைத் திருப்பிப் போட்டு, மைதானத்துக்கு முதுகைக் காட்டியபடி முதல் பாதி முழுவதும் இருந்தார்கள். இரண்டாம் பாதியில் ஒருவருடைய மகன் முப்பது மீற்றரிலிருந்து ஒரு கோல் அடித்தான். கதிரைகள் ஒவ்வொன்றாகத் திரும்பின. அடுத்த வருடம் அந்த விதியைத் தாங்கள்தான் கொண்டுவந்ததாகப் பலர் சொல்லித் திரிந்தார்கள்.

மகன்மாரால் மற்றக் கல்லூரிகள் பிழைத்தன. எங்களுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. முத்துவயல்காரர்களுக்கு ஏனோ பெண்பிள்ளைகள்தான். எனக்கும் ஒரே மகள், நிலாணி. பத்தொன்பது வருடமாகக் கிண்ணத்தைத் தொடவில்லை. எனக்கு அது உண்மையான துக்கம். இறுதியாட்டம் முடிந்து மற்றவர்கள் வாணவேடிக்கை விடும்போது நாங்கள் கூடாரத்தின் கம்பிகளைக் கழற்றிக்கொண்டிருப்போம்.

மூன்று வருடங்களுக்கு முன், ஒரு டிசெம்பர் மாதம், குளிர்காலத்தில் பந்தடிக்கிற மூடிய மைதானம் ஒன்றில் மிதுனனைக் கண்டேன். இங்கே பிறந்த பெடியன், பல்கலைக்கழக அணிக்கு விளையாடியவன். பந்து அவன் காலைவிட்டுப் போக மனமில்லாமல் கிடந்தது. தகப்பனை விசாரித்தேன். அவர் படித்த கல்லூரிக்கு இங்கே அணியே இல்லை. இப்படியொரு ஆட்டக்காரன் எவருக்கும் சொந்தமில்லாமல் நிற்கிறானே என்று அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

ஜனவரிப் பொதுக்கூட்டத்தில் மருமகன் விதியைக் கொண்டுவந்தேன். ‘பழைய மாணவரின் மருமகனும் விளையாடலாம்’ என்ற ஒரே வசனம். எட்டுக்கு ஆறு என்று நிறைவேறியது. அன்று மாலைக்குள் வட்ஸ்அப்பில் முந்நூறுக்கு மேல் குரல் பதிவுகள். “நாளைக்குப் பக்கத்து வீட்டுக்காரனும் விளையாடலாம் எண்டு எழுதுவியள்” என்றார் ஒருவர். ரெக்ஸ்டேலில் இருக்கிற ஆயுள் உறுப்பினர் ஒருவர் அன்றே விலகினார். தனக்கு மூன்று பெண்கள் என்பது நினைவுக்கு வந்து, இரண்டு கிழமையில் திரும்பிச் சேர்ந்துகொண்டார்.

பிறகு நடந்ததுதான் வேடிக்கை. கலியாணப் பேச்சுகளில் ‘பெடியன் என்ன வேலை’ என்று கேட்பதற்கு முன்பே ‘பெடியனுக்கு எந்தக் கால்’ என்று கேட்கத் தொடங்கினார்கள். இடக்கால்காரருக்கு நல்ல கிராக்கி. ஒரு சாமத்தியச் சடங்கில் நான்கு அங்கிள்மார் ஒரு பெடியனைச் சுற்றி நின்று அவனுடைய கெண்டைக்காலைப் பார்த்து அபிப்பிராயம் சொன்னதை நானே கண்டேன். ஜோசப்பின் என்றொரு அன்ரி எனக்கு ஃபோன் எடுத்தார்.

“அண்ணை, என்ர மகன் கோல் கீப்பர். கீப்பருக்கும் ஆரும் பெண் குடுப்பினமோ?”

“குடுப்பினம். கொஞ்சம் பொறுக்கவேணும்” என்றேன்.

வீட்டில் நிலாணி மட்டும் ஒரு கேள்வி கேட்டாள். அவள் பல்கலைக்கழகம் முடியும்வரை இடது விங்கில் விளையாடியவள். “அப்பா, மகளின்ர புருஷன் விளையாடலாம், மகள் விளையாட ஏலாதோ?” ரசிகர்கள் ஒரே வருடத்தில் இரண்டு மாற்றத்தைத் தாங்க மாட்டார்கள் என்று விளக்கினேன். சிரித்தாள். அந்த நாட்களில் அவள் நன்றாகச் சிரிப்பாள்.

மகளின் கலியாணத்துக்காக நான் விதியை மாற்றியதாகச் சங்குமுனைக் கல்லூரியின் றிச்சர்ட் தன் முறைப்பாட்டில் எழுதியிருக்கிறார். அது தவறு, தயவுசெய்து திருத்திக்கொள்ளுங்கள். விதிக்காகத்தான் கலியாணத்தைச் செய்தேன்.

நிலாணிக்கு ஒரு விருப்பம் இருந்தது. றோய் என்று பெயர், மன்னார்ப் பக்கத்துக் கத்தோலிக்கப் பெடியன், மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுக்கிற வேலை. சாதி சமயம் பார்க்கிற ஆள் நானில்லை, இதை நீங்கள் எழுதிக்கொள்ளலாம். அருமையான பெடியன். ஆனால் அவனுக்குக் கூடைப்பந்துதான் தெரியும். கல்கரியில் நல்ல வேலை கிடைத்து, போவதா இல்லையா என்று இருவருக்கும் வாய்த்தர்க்கம் வந்து, ஒரு கிழமையாகப் பேசாமல் இருந்தார்கள்.

அந்தக் கிழமை முடிவில், பெப்ரவரிச் சனிக்கிழமை ஒன்றில், றோய் வீட்டுக்கு வந்தான். நிலாணியும் என் மனைவி இராசமணியும் கடைக்குப் போயிருந்தார்கள். மணியை அடிப்பதற்கு முன் எங்கள் வாசல் பனியை வழித்துவிட்டுத்தான் அடித்தான். நான் தேத்தண்ணீர் போட்டுக் கொடுத்தேன்.

“அங்கிள், நான் கல்கரிக்குப் போகேல்லை. நிலாணியைக் கலியாணம் கட்ட விரும்புறன். உங்களிட்டக் கேட்டுச் செய்யவேணும் எண்டு வந்தனான்” என்றான்.

“தம்பி, அவள் உம்மோட கதைக்க விரும்பேல்லை. வேற இடத்தில பேசி முடிஞ்சுது. உம்மிட்டச் சொல்லச் சொன்னவள்” என்றேன்.

கோப்பையைக் கீழே வைத்தான். ஜக்கெற்றின் உள்பையிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்து, இதையாவது அவளிடம் கொடுக்கச் சொன்னான். நன்றி சொல்லிவிட்டுப் போனான். வளர்த்தவர்கள் நன்றாக வளர்த்திருக்கிறார்கள். நிலாணி வந்ததும், அவன் வந்து போனதையும், கல்கரியில் ஒரு பெண்ணைப் பார்த்துவிட்டதால் அவள் முகத்தைப் பார்க்கக் கூச்சப்படுவதாக அவன் சொன்னதாகவும் சொன்னேன். அவளுக்கும் ரோசம். அவனுக்கும் ரோசம். இருவரில் ஒருவர் ஃபோனை எடுத்திருந்தால் என் கதை முடிந்திருக்கும். எடுக்கவில்லை.

முப்பது வருடத்தில் ஒருவருடைய கடிதத்தையும் நான் ஒரு நாள்கூடத் தாமதப்படுத்தியதில்லை. இது ஒன்றுதான். அதையும் நான் திறக்கவில்லை. பிறருடைய கடிதத்தைத் திறப்பது குற்றம். வீட்டில் வேறு யாரும் தொடாத இடமாகப் பார்த்து, விதிமுறை ஃபைலுக்குள் வைத்தேன்.

இரண்டு மாதம் கழித்து மிதுனனின் சம்பந்தத்தைச் சொன்னபோது, “செய்யுங்கோ அப்பா, எனக்கு எல்லாம் ஒண்டுதான்” என்றாள் நிலாணி. சம்மதம் என்றால் இதைவிடத் தெளிவாக என்ன வேண்டும். மிதுனன் என்னிடம் கேட்டதும் ஒன்றே ஒன்றுதான். “அங்கிள், நம்பர் நைன் ஜேர்ஸி எனக்குத்தானே?”

ஜூனில் கலியாணம். தாலி கட்டுகிற நேரம், கெட்டிமேளத்தோடு சேர்ந்து எங்கள் ரசிகர்கள் பின்வரிசையிலிருந்து ‘கோல்’ என்று கத்தினார்கள். ஐயரே சிரித்துவிட்டார். நிலாணி குனிந்தபடி அழுதாள். மணப்பெண் என்றால் அழுவதுதான் என்று பக்கத்தில் இருந்தவர்களுக்குச் சொன்னேன்.

அந்தச் செப்டெம்பரில் மிதுனன் இறுதியாட்டத்தில் இரண்டு கோல் அடித்தான். பத்தொன்பது வருடத்துக்குப் பிறகு கிண்ணம். விதியை ஏசிக் குரல் பதிவு போட்டவர்களே என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு மைதானத்தைச் சுற்றினார்கள். என் வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாக நான் இருந்ததில்லை, மகள் பிறந்த நாளையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். மூன்று வருடம் தொடர்ந்து வென்றால் கிண்ணம் அந்தக் கல்லூரிக்கே சொந்தம் என்பது உங்களுக்குத் தெரியும்.

மிதுனன் கெட்டவன் இல்லை. ஒரு கடுஞ்சொல் சொன்னதில்லை. பொதுவாக அவளோடு பேசுவதே குறைவு. அடுத்த வசந்தத்தில் சண்டை சச்சரவு இல்லாமல் வேறு வேறு வீடுகளுக்குப் போய்விட்டார்கள். நான் நிலாணியிடம், “இந்த ஒரு கிண்ணம் முடியும்வரைக்கும் வெளியில சொல்லாத பிள்ளை” என்று கேட்டேன். செப்டெம்பரில் வந்து எங்கள் கூடாரத்தில் இருந்தாள், படத்துக்கும் நின்றாள். இரண்டாவது கிண்ணமும் எங்களுக்கே. இந்த மே மாதம் விவாகரத்துக் கடிதம் வந்தது. மிதுனன் இப்போது மருமகன் இல்லை, ஆகவே மூன்றாவது வருடம் விளையாட முடியாது என்று றிச்சர்ட் முறைப்பாடு செய்தார். நீங்களும் மூல ஃபைலைக் கேட்டீர்கள்.

அப்போது எனக்குக் கண்புரைச் சத்திரசிகிச்சை முடிந்து நான்கு நாள். கார் ஓடக்கூடாது. நிலாணியைக் கூப்பிட்டு, ஃபைலைக் கொண்டுபோய் உங்களிடம் கொடுக்கச் சொன்னேன். கடிதம் உள்ளே இருப்பதை மறந்துவிட்டேன். என் கவனம் முழுவதும் மிதுனனின் தகுதியில்தான் இருந்தது.

ஃபைலுக்குள் தன் பெயருக்குக் கிடந்த கடிதத்தை எடுத்து, நின்றபடியே படித்து முடித்தாள்.

“அப்பா, அவன் என்னைக் கட்டக் கேட்டெல்லோ வந்திருக்கிறான். நான் வேண்டாமெண்டு சொன்னதா அவனிட்டச் சொன்னது நீங்களோ?”

“ஓம் பிள்ளை.”

“ஏன்?”

“எங்களிட்ட ஒரு ஃபோர்வேர்ட் இருக்கேல்லை.”

கோபப்படுவாள் என்று நினைத்தேன். கடிதத்தைத் தன் பைக்குள் வைத்து, உங்களிடம் தரவேண்டிய ஃபைலையும் எடுத்துக்கொண்டாள். இராசமணி குசினியிலிருந்து வந்து, அடுப்பை நிறுத்திவிட்டதாகச் சொல்லி, மகளோடு போய்விட்டாள். ஆறு கிழமையாகிறது. இருவரும் மகளின் அபார்ட்மென்ற்றில் இருக்கிறார்கள். கவலைதான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் வீடு அமைதியாக இருப்பதால் இதை ஆறுதலாக எழுத முடிந்தது. றோய் கல்கரியில் கலியாணம் முடித்து ஒரு குழந்தையும் இருப்பதாகக் கேள்விப்பட்டேன். அவனுக்கு ஒரு குறையும் வரவில்லை என்பதில் எனக்கு நிம்மதி.

இனி நீங்கள் குறிப்பாகக் கேட்டதற்கு வருகிறேன். ஃபைலில் அந்த விதிக்குக் கீழே இரண்டாவது வசனம் ஒன்று இருக்கிறது. ‘மருமகனாகப் பதிவு செய்யப்பட்டவர், பின்னர் எது நேர்ந்தாலும், தொடர்ந்து தகுதியுடையவர்.’ பொதுக்கூட்டம் அதை நிறைவேற்றவில்லை. நான்தான் தட்டச்சு செய்து சேர்த்தேன். விவாகரத்து வந்த பிறகு அவசரமாகச் சேர்த்தது என்று றிச்சர்ட் சொல்வது அபாண்டம், அதை மட்டும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். கணினியில் திகதி இருக்கிறது, பாருங்கள். அது தாலிக்குப் பொன் உருக்குகிற பொன்னுருக்கலன்று காலை, நான் மாப்பிள்ளை வீட்டுக்குப் புறப்படுவதற்கு முன். மேல் அறையில் நிலாணி அழுகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. இந்தக் கலியாணம் மூன்று வருடம் தாங்காது என்று எனக்கு அப்போதே தெரியும், கிண்ணத்துக்கோ மூன்று வருடம் வேண்டும். பெண்பிள்ளையைப் பெற்ற தகப்பன் இதையெல்லாம் முன்கூட்டியே யோசித்து வைக்கத்தானே வேண்டும்.