சீனியை மறந்த உப்புத் தண்ணீர்

அவைக்குத் தலைமை தாங்கும் கைரியா டீச்சர் அவர்களே! முன்வரிசைக் கதிரைகளுக்குப் பெருமை சேர்க்கும் பெரியோர்களே! பிள்ளையை மடியிலும் காதை மேடையிலும் வைத்திருக்கும் கட்டுகஸ்தோட்டைத் தாய்மார்களே! வணக்கம்.

ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்ட புஷ்பம் நான். மூத்த பேரன் துஷாந்த் பொறியியலாளன். இளையவன் கணேஸ் மாகாண ஓட்டத்தில் வெள்ளிப் பதக்கம் வென்றவன். பேத்தி டிலானி பேராதனையில் மருத்துவம் படிப்பவள். என்ன முன்வரிசைத் தம்பி, சிரிக்கிறீர்களே, பெருமை போதுமா? பெருமையைப் பூட்டி வைத்தால் இந்த ஊர் ஈரத்துக்குப் பூஞ்சணம் பிடிக்குமே!

போன மழைக்கு என் வீட்டுக்காரர் முத்துலிங்கத்துக்கு வயிற்றோட்டம். உப்பும் சீனியும் கலந்த மருந்துப் பொடிப் பக்கெட்டைத் தண்ணீரில் கரைத்துக் கொடுக்கச் சொன்னாள் டிலானி. அவருக்கோ சீனி வருத்தம், அதுதான் நீரிழிவு! சீனி வருத்தக்காரருக்குச் சீனியா? பக்கெட்டை அலுமாரியில் வைத்துவிட்டு, வெறும் உப்புத் தண்ணீரைக் கொடுத்தேன். குடித்தார், குடித்தார், கண் குழிந்தது, நாக்கு உலர்ந்தது, "புஷ்பம்" என்று கூப்பிடக் குரல் இல்லை.

ஓடி வந்தாள் டிலானி.

"என்னா அம்மாயி செஞ்சி வச்சிருக்கீங்க?"

"தாத்தாவுக்குச் சீனி ஆகாதேன்னுதான்..."

"உசுரு போவுது, நீங்க சீனியப் பாக்குறீங்களே!"

பக்கெட்டைக் கரைத்துப் புகட்டியபடியே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனாள். அவர் கண் விழித்த பிறகுதான் விளக்கம் சொன்னாள்.

நம் உயிரணு ஒவ்வொன்றிலும் ஒரு பம்பு இருக்கிறதாம். கண்டி பஸ் கண்டக்டர் தோற்றார்! உப்பிலுள்ள சோடியத்தில் மூன்றை வெளியே தள்ளும், பொட்டாசியத்தில் இரண்டை உள்ளே இழுக்கும். வெளியே எத்தனை நெரிசலானாலும் தள்ளும். சும்மாவா? நாம் தின்ற சோற்றின் சக்தியைச் செலவழித்து! உயிரணுவுக்குள் சோடியம் குறைவதால், குடலில் நிற்கும் சோடியம் நுழையத் துடிக்கும். வயிற்றோட்டத்திலும் அடைபடாத கதவு ஒன்று உண்டு. அது சீனியும் துணைக்கு வந்தால்தான் திறக்கும். இரண்டும் உள்ளே போனால், பின்னாலேயே தண்ணீர் ஓடி வரும்.

கேட்டீர்களா தாய்மார்களே? வாசல் வரை வந்த உப்பைத் துணையில்லாமல் நிற்க வைத்தவள் நான்! அன்பால் கொடுத்தேன், அறியாமல் கொடுத்தேன், அவரையே இழக்கப் பார்த்தேன்! பக்கெட்டைப் பாதியாக்காதீர்கள்; சீனியைப் பிரிக்காதீர்கள்; சீனி வருத்தக்காரருக்கும் அளவுப்படி கரையுங்கள், டாக்டரிடமும் காட்டுங்கள்!

யாரங்கே சிரிப்பது? கடைசிக் கதிரையில் வடை மெல்கிறாரே, அவர்தான் முத்துலிங்கம்!

டிலானி, தாத்தாவை அந்த வடையோடு ஒரு படம் எடு. கைபேசியில் காட்டி ஏமாற்றாதே. கடதாசியில் கழுவித் தபாலில் போடு. சுவரில் மாட்டப் போகிறேன், மாலை போடாமல்! பொறுமையோடு கேட்ட உங்கள் எல்லோருக்கும் என் நன்றி, வணக்கம்.