கைகொடுத்தவர்கள்

உங்கள் நாற்காலி நல்ல நாற்காலி சார். முதுகுக்கு இதமாக இருக்கிறது. இதைச் செய்தவர், உட்காரப் போகிறவனைப் பற்றிக் கொஞ்சமாவது யோசித்திருக்கிறார். என் பிழைப்பும் அதுதான். செல்போன் செயலியில் எந்தப் பொத்தான் எங்கே இருந்தால் மனிதருக்குச் சௌகரியம் என்று பார்த்துப் பார்த்து வைப்பேன்.

எங்கள் செயலி, வீடு வீடாகப் பொருள் கொண்டுபோய்க் கொடுப்பவர்களுக்கானது. அவர்களில் ஒருவர் ஒருநாள் அலுவலகத்துக்கே வந்துவிட்டார். இடதுகைக்காரர்.

"போனைப் பிடிச்சாலே ரத்து பொத்தான் மேலதான் கட்டைவிரல் போய் உக்காருது சார். கைக்கு வந்த ஆர்டர் எல்லாம் போயிடுது. ஒண்ணு பொத்தானை மாத்துங்க, இல்ல என் கையை மாத்துங்க" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு மட்டும் மனசு கேட்கவில்லை. அன்றைக்கே அவர் வேலையை விட்டுப் போய்விட்டார்.

"நீதானப்பா எனக்கு வலது கை. நீயே பாத்து முடிச்சிடு" என்றார் மேலாளர்.

திரையைக் கண்ணாடியில் தெரிவதுபோல இடம் வலமாகத் திருப்பிப் போட்டால் வேலை முடிந்தது என்று பலர் நினைக்கிறார்கள். முடியாது சார். இடது உள்ளங்கை எந்த எழுத்தை மறைக்கிறது, கட்டைவிரல் எந்த மூலைக்கு எட்டாமல் தவிக்கிறது என்பதெல்லாம் ஆளை வைத்துப் பார்த்தால்தான் தெரியும். அலுவலகத்தில் கேட்டேன். இடதுகைக்காரர் ஒருவர்கூட இல்லை. வலதுகைக்காரர்களையே இடது கையால் பிடிக்கச் சொன்னேன். நடித்தார்கள். கொஞ்சம் அவசரம் வந்தால் போதும், வலது கை ஓடி வந்து உதவிவிடும். நடிப்பை வைத்து நான் என்ன கற்றுக்கொள்வது?

அந்த நேரத்தில்தான் கணக்குப் பிரிவு அக்கா மழைத் தண்ணீரில் வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டை உடைத்துக்கொண்டார். அதில் எனக்கு எந்தப் பங்கும் இல்லை. மாவுக்கட்டோடு வந்தவரிடம் செல்போனை நீட்டினேன். அவர் இடது கையைப் பார்க்கப் பார்க்க எனக்குக் கண் திறந்தது. ஒரே பிற்பகலில் பாதித் திரையை மாற்றி வரைந்தேன்.

மீதிப் பாதிக்கு மழை வரும்வரை காத்திருக்க முடியுமா?

மேலாளர் நடந்து வரும் வழியில் சோப்புத் தண்ணீர் ஊற்றினேன். கொஞ்சம்தான். வலது முழங்கை விலகியது, அவ்வளவு தூரம் போகும் என்று நான் நினைக்கவில்லை. ஆம்புலன்ஸ் வருவதற்குள் பக்கத்தில் உட்கார்ந்து, "சார், சும்மா படுத்திருக்கிற நேரத்துல இந்த ஆர்டரை ஏத்துக்கிட்டுப் பாருங்களேன்" என்றேன். அவர் கத்தினார். ஆனால் கத்திக்கொண்டே சரியான பொத்தானை அமுக்கினார். வலியில் துடிக்கிறவரே தடுமாறவில்லை என்றால் அந்தப் பொத்தான் இருக்க வேண்டிய இடத்தில் இருக்கிறது என்று அர்த்தம்.

மேலாளருடையது பெரிய கை. நடுத்தரக் கை ஒன்று வேண்டியிருந்தது. வரவேற்பறைப் பெண்ணின் வலது கை விரல்கள் மேல் கார்க் கதவைச் சாத்தியதும் நான்தான். மறுநாளே பழம் வாங்கிக்கொண்டு போய்ப் பார்த்தேன். செல்போனும் கொண்டுபோயிருந்தேன்.

அதற்குப் பிறகு என்னைக் கண்டால் அலுவலகத்தில் எல்லாரும் கைகளைப் பைக்குள் விட்டுக்கொண்டு, சுவரோரமாக நடக்க ஆரம்பித்தார்கள். நல்ல காரியத்துக்கு யாரும் முன்வருவதில்லை.

சின்னக் கை ஒன்று மட்டும் பாக்கி இருந்தது. வீட்டில் என் மனைவி இருந்தாள்.

முக்காலியின் ஒரு காலில் இருந்த ஸ்க்ரூக்களைக் கழற்றிவிட்டு, மேல் அலமாரியில் இருக்கும் பெரிய பாத்திரத்தை எடுத்துத் தரச் சொன்னேன். நான் கல்நெஞ்சக்காரன் இல்லை சார். முக்காலி உயரம் குறைவுதான். தலைக்கும் இடுப்புக்கும் அடிபடக் கூடாது என்று தலையணைகளைப் போட்டு வைத்திருந்தேன். வலது கை விழ வேண்டிய இடத்தில் மட்டும் போடவில்லை.

மறுநாள் காலை செல்போனைக் கொடுத்தேன். அவள் கட்டைவிரல் திரையில் பறந்தது சார். தேடவில்லை, தயங்கவில்லை, ஒரு பொத்தான்கூடத் தவறவில்லை. முதல் நாளிலேயே! எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது.

"வலிக்குதான்னு ஒரு வார்த்தை கேட்டீங்களா?" என்றாள்.

"அது இருக்கட்டும். மேல் மூலை எட்டுதா, அதைச் சொல்லு" என்றேன்.

எட்டியது. செயலியை அந்த வாரமே வெளியிட்டோம். இடதுகைக்காரர்கள் நன்றி சொல்லி எழுதிக் குவித்தார்கள். துவைக்கப் போட்ட என் சட்டைப் பையில் ஸ்க்ரூக்களைப் பார்த்துவிட்டு அவள் உங்களுக்குப் போன் செய்யாமல் இருந்திருந்தால், இந்நேரம் அடுத்த வேலையைத் தொடங்கியிருப்பேன். ஒரு கண் தெரியாதவர்களுக்கு ஒரு திரை செய்யச் சொல்லியிருக்கிறார்கள்.

நான்தான் செய்தேன். எல்லாவற்றையும் ஒப்புக்கொள்கிறேன். நீங்கள் காலையில் சொன்ன விஷயத்தை மட்டும்தான் என்னால் ஜீரணிக்க முடியவில்லை. அவள் பிறவியிலேயே இடதுகைக்காரியாமே. எழுதுவது, நறுக்குவது, பல் தேய்ப்பது எல்லாமே இடது கையால்தான் என்று அவள் அண்ணன் வேறு சாட்சி சொல்கிறாராம். மனிதர்களைக் கவனிப்பதுதான் சார் என் தொழில். அப்படிப்பட்ட என்னிடமே, கல்யாணமாகி இத்தனை வருஷமாக ஒரே வீட்டில் இருந்துகொண்டு, இவ்வளவு பெரிய விஷயத்தை ஒருத்தி மறைக்கலாமா?