பேண்டு போடச் சொன்னாரு டாக்டரு

டெய்லரா சார் அவன்? ஊரு துணியெல்லாம் தெக்கிறானே, தன் வாய மட்டும் தெச்சிக்க மாட்டானா? கங்காதரன்னு பேரு... கொஞ்சம் தள்ளி குந்து சார், மடிப்பு கலஞ்சிடும். அவன் தெச்ச பேண்டுதான். இடுப்புல எப்டி புடிக்குது பாரு!

வடையா? வேணாம்பா, போ போ! வெறும் வயித்துல வரச் சொல்லிக்கீறாங்க சார், ஆஸ்பத்திரில. பட்டாபிராம்ல ரயில் ஏறசொல்லவே புடிச்ச வாசன, ஆவடி தாண்டியும் உடமாட்டேங்குது...

ஒடம்புக்கா? சாராயந்தான், வேற இன்னா. ஈரல் சுருங்கிப்போச்சு. ரத்தம் போவ வழியில்லாம, சோறு எறங்குற கொழா கீதே, அங்க நரம்பெல்லாம் பொடச்சிகினு... போன தை மாசம் ஒடஞ்சிச்சு பாரு! வாயால ரத்தம், ஒரு பக்கெட்டு! மூக்கு வழியா பலூன உட்டு, உள்ளார ஊதி அமுக்கினாங்க. சிரிக்காத சார், நெசமாத்தான்!

தேறினப்பறம் டாக்டரு இன்னா சொன்னாரு? "கன்னியப்பா, பதினஞ்சு நாள்ல வா, பேண்டு போடணும்"னாரு. நானு லுங்கில கீறேன். சரி, மரியாதையா வரச் சொல்றாருனு கங்காதரன் கடைல அளவு குடுத்தேன். பேண்டு வரல, நானும் போவல. ஒன்ற மாசம்! திரும்ப ரத்தம்!

"ஏன்யா வரல?"னு நர்சம்மா கத்துது. "பேண்டு தெச்சு வரலம்மா"ன்றேன். வார்டே சிரிக்குது! டாக்டரு ஒரு ரப்பர் வளையத்த காட்டினாரு, மோதிரத்த விட சின்னது. வாய் வழியா கொழா உட்டு, பொடச்ச நரம்புல மாட்டி இறுக்கிடுவாங்களாம். அதான் பேண்டாம்! நாலு மாட்டினாங்க. மிச்சம் இன்னிக்கி.

எங்க ஊட்டம்மா மட்டும் சிரிக்கல சார். பஞ்சவர்ணம். "ஒரு பேண்டுக்காவ என் தாலிய அறுக்கப் பாத்தியே"னு ஒரே அழுவ. அப்பால நேரா போயி கங்காதரன உட்டுச்சு பாரு டோசு!

இன்னா சார் எந்திரிச்சிட்டே, அம்பத்தூரா? இரு இரு, காதக் குடு. அவன் நாலாம் நாளே தெச்சி குடுத்துட்டான் சார். நான்தான் டிரங்க் பொட்டிக்கு அடில ஒளிச்சி வெச்சேன். போனா அந்த பலூன மறுபடி உட்டுடுவாங்களேனு பயம் சார், அம்மாம் பயம்! பேண்டு குடுத்தத அவன் பஞ்சவர்ணத்துகிட்ட சொல்லிட்டான் போல... இன்னிக்கி காலைல பாக்கறேன், பேண்டு கொடில தொங்குது, இஸ்திரி போட்டு! ஆறின கஞ்சிய டப்பால ஊத்தி எடுத்துகினு, அடுத்த பொட்டி லேடீஸ்ல கீறா.

பச்சப் பொடவ, சன்னலோரம். எறங்கிப் போசொல்ல பாரு சார். மொறச்சிகினு கீறாளா, சிரிச்சிகினு கீறாளா... ஒரு சைகை காட்டிட்டுப் போ!