படகில் தூங்கியவர்

“கடவுளுக்கும் அசதி வரும் அக்கா. இன்னிக்குக் காலைல வரைக்கும் எனக்கு அது தெரியாது.”

பினாங்குக்குத் திரும்பும் நீராவிப் படகில், எனக்கு முன்னால் இருந்த இளம்பெண் இப்படிச் சொன்னாள். புக்கிட் மெர்தாஜாம் மாதா கோயிலில் ஞாயிறு பூசை பார்த்துவிட்டு வருகிறார்களாம். அவள் காலடியில் அவளுடைய கணவர், மூட்டை தூக்கும் தொழிலாளி, வாய் திறந்து தூங்கிக்கொண்டிருந்தார்.

“என்னடி பேச்சு இது?” என்றாள் கூட வந்த மூத்தவள்.

“பிரசங்க நேரத்துல ஆம்பளைங்க பக்கத்திலேருந்து இவரு குறட்டைதான் கேக்குது. மானம் போச்சேன்னு, நானே போய் எழுப்பப் பாதி எழுந்துட்டேன். அப்பத்தான் சாமியார் சொல்றாரு, கடல்ல புயல், படகுல தண்ணி ஏறுது, சேசு தூங்குறாருன்னு. அப்படியே உக்காந்துட்டேன்.”

“சீடருங்க எழுப்பினாங்களே?”

“எழுப்பித் திட்டுதானே வாங்கினாங்க! ஊர் ஊரா நடந்து, நோயாளிங்களத் தொட்டு, அசந்து படுத்த உடம்பு அக்கா அது. இவரும் ரெண்டு நாளா கப்பல்ல அரிசி மூட்டை எறக்கினவருதான்.”

அப்போது ஒரு பெரிய கப்பல் கடந்து போனது. அலை எங்களைத் தூக்கிப் போட்டது. எல்லாரும் பலகையைப் பிடித்துக்கொண்டோம். தூங்கியவர் அசையவில்லை; குறட்டை மட்டும் நிற்காமல் வந்தது. இரண்டு பெண்களும் அந்த முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

படகு துறையில் இடித்து நின்றது.

“கரை வந்துடுச்சு, எழுப்புடி.”

“நீங்க எழுப்புங்க அக்கா. எனக்குப் பயமா இருக்கு.”

மூத்தவள் கோயிலுக்குள் நுழைகிறவள்போல முக்காட்டைத் தலைக்கு இழுத்துவிட்டுக்கொண்டாள். அதன் பிறகுதான் அவரைத் தொட்டாள்.