திறப்புக் கொட்டில்

நான் மீன் வாங்கச் சந்தைக்குப் போய்க் கனகாலம். வாசலுக்கே வந்துவிடும். சந்தியில் குடித்துவிட்டு உயிரோடு வீடு வந்து சேர்ந்த ஆண்களின் மனைவிமார் கொண்டுவந்து தருவார்கள். இறால், திரளி, சில நாட்களில் நண்டு. வேண்டாமென்றால் கோபிப்பார்கள். நீங்கள் அதைப் பற்றிக் கேட்க வரவில்லை என்று தெரியும், ஐயா. இருந்தாலும் எல்லாவற்றையும் சொல்லிவிடுவதுதான் முறை.

நான் பிரதேச சபையில் சமூக அபிவிருத்தி உத்தியோகத்தர். குடித்துவிட்டு வாகனம் ஓட்டுவதைத் தடுக்கச் சபை என்ன செய்யலாம் என்று தவிசாளர் சிவனேஸ்வரி அம்மா கேட்டபோது, இந்தத் திட்டத்தைச் சொன்னவன் நான். மதுச்சாலைக்கு எதிரே ஒரு தகரக் கொட்டில். குடிக்கப் போகிறவர் வண்டியைப் பூட்டி, அதன் திறப்பை என்னிடம் தந்துவிட்டுப் போக வேண்டும். குடித்து முடிந்ததும் சபை அமர்த்திய ஓட்டோ அவரை வீட்டில் இறக்கிவிடும். அடுத்த நாள் வெறி முறிந்த பிறகு வந்து திறப்பை வாங்கிக்கொள்ளலாம்.

முதலில் தூஷணத்தால் ஏசினார்கள். ஒருவர் கொட்டிலின் மேல் போத்தலை எறிந்தார். கண்ணாடித் துண்டுகளைக் கூட்டி அள்ளிவிட்டு உட்கார்ந்திருந்தேன். அவர்களை வழிக்குக் கொண்டுவந்தவன் மெல்ரொன். தன்னுடைய சின்ன லொறியில் கடற்கரையிலிருந்து கிளிநொச்சிக்கு மீன் ஏற்றுகிறவன். திரும்பி வரும் வழியில் சந்தியில் நிற்பாட்டாமல் போகமாட்டான். ஆனால் மதுச்சாலைப் படியில் கால் வைக்க முன்னர் என் மேசைக்கு வந்துவிடுவான்.

"இந்தாங்கோ அண்ணை, என்ர உயிர். கவனமா வைச்சிருங்கோ."

அவனைப் பார்த்து மற்றவர்களும் தரத் தொடங்கினார்கள். அதன் பிறகு அந்த வீதியில் ஒரு சாவும் விழவில்லை. அதுதான் எங்களுக்கு வினையாகிப் போனது.

வரவு செலவுக் கூட்டத்தில் ஏரம்பு என்ற உறுப்பினர் எழும்பினார். "தம்பி, வருசம் முழுக்க ஒரு விபத்தும் இல்லையெண்டு நீர்தான் சொல்லுறீர். பிறகென்னத்துக்கு ஓட்டோவும் கொட்டிலும்? அந்தக் காசில ஊருக்கு ஒரு வரவேற்பு வளைவு கட்டலாம்."

"கொட்டில் இருக்கிறபடியால்தான் ஐயா விபத்து இல்லை."

"மழை பெய்யாததுக்குக் குடைதான் காரணம் எண்டுற கதையாக் கிடக்கு."

எல்லோரும் சிரித்தார்கள். பக்கத்துச் சபை எல்லையில் ஒருவன் வெறியில் மோட்டார் சைக்கிளோடு வாய்க்காலுக்குள் விழுந்து செத்ததைச் சொன்னேன். ஏரம்பு கையை விரித்தார். "குடிச்சவன் செத்தான். அதுக்குச் சபை என்ன செய்யிறது?"

அதற்கு எதிராக யாரும் வாய் திறக்கவில்லை. தவிசாளர் அம்மாகூட. வருட முடிவோடு கொட்டிலை மூடுவதென்று முடிவாகியது.

வீட்டுக்கு வந்து ஆறுதலாக யோசித்தேன். குடிகாரன் செத்தால் அது அவனுடைய விதி. ஆனால் போன வருடம் வேறோர் ஊரில் ஒரு ஆசிரியை அடிபட்டுச் செத்தபோது, எட்டாம் நாள் எட்டுச் செலவுச் சடங்கு முடிய முன்னரே வேகத்தடை போட்டார்கள், விளக்கு வந்தது, பொலிஸ் வந்து நின்றது. குடிக்காத ஒருவர் போனால்தான் எங்கள் ஆட்களுக்குக் கண் தெரியும். இதை நான் உண்டாக்கவில்லை, ஐயா. நான் பார்த்ததைத்தான் சொல்கிறேன். கொட்டிலை மூடினால் அந்த வீதியில் எத்தனை பேர் போவார்கள் என்பதையும் யாராவது ஒருவர் யோசிக்கத்தானே வேண்டும்.

அது நடந்தது ஒரு வெள்ளிக்கிழமை. பொழுது சாய்கிற நேரம். ஓட்டோக்காரர் சின்னராசாவிடம், "ஆக்கள் குறைவு அண்ணை, நீங்கள் கோயிலுக்குப் போங்கோ" என்றேன். சந்தோசமாகப் போய்விட்டார். கொஞ்ச நேரத்தில் மெல்ரொன் மதுச்சாலையிலிருந்து இறங்கி வந்தான். கால்கள் பின்னின.

"ஓட்டோ எங்க அண்ணை?"

"இண்டைக்கு வராது."

"அப்ப நான் இந்த மர வாங்கில படுக்கிறன். விடியப் போறன்."

அவனுக்குத் தேத்தண்ணீர் ஊற்றிக் கொடுத்தேன். மகள் தேவாலயத்தில் எடுக்கப்போகும் முதல்நன்மைக்குச் சட்டை தைத்தாகிவிட்டதா என்று விசாரித்தேன். வெள்ளைத் துணி எடுத்தாகிவிட்டது, தைக்கக் கொடுக்க வேண்டும் என்றான். ஆடைத் தொழிற்சாலை பஸ், வீதி வளைவில் பெண்களை இறக்கிவிட்டுத் திரும்பும் சத்தம் கேட்டது. அவர்கள் அங்கேயிருந்து சைக்கிளில்தான் வீடுகளுக்குப் போவார்கள். நான் எழும்பி அவனுடைய திறப்பை எடுத்து வந்தேன்.

"வீட்டில யூலியானா பாத்துக்கொண்டிருப்பா. மெதுவா ஓட்டிக்கொண்டு போ."

"வேண்டாம் அண்ணை. எனக்கு எல்லாம் ரெண்டு ரெண்டாத் தெரியுது."

"ஒண்டும் நடவாது. நான் சொல்லுறன்தானே."

அவன் என்னை நம்புகிறவன். கையை விரித்துத் திறப்பை வைத்து, விரல்களை மடித்துவிட்டேன். லொறியில் ஏறுவதற்கும் பிடித்துவிட்டேன்.

வளைவில் லொறி அடித்துச் செத்தது விமலேஸ்வரி. தையல் பகுதியில் வேலை செய்த பிள்ளை. சுகமில்லாத தாயை வைத்துப் பார்த்தவள். அவள்தான் என்று நான் தேர்ந்தெடுக்கவில்லை. அந்தப் பாவத்தை நான் செய்யவில்லை. செத்த வீட்டில் பந்தல் போட்டதிலிருந்து காடாற்று வரைக்கும் முன்னுக்கு நின்று பார்த்தவன் நான்தான். தாய் இன்றைக்கும் என்னைத் தன் பிள்ளை என்றுதான் சொல்கிறார்.

அடுத்த கூட்டத்தில் எல்லோரும் எழும்பி நின்று மௌனம் காத்தார்கள். ஏரம்பு அழுதார். கொட்டில் நிரந்தரமாகியது, வீதி வளைவில் விளக்கும் வந்தது.

நான் முகம் கழுவப் போன நேரத்தில் மெல்ரொன் திறப்பை எடுத்துக்கொண்டு ஓடிவிட்டான் என்று பொலிசுக்குச் சொன்னேன். அவனுக்கு ஒன்றும் ஞாபகமில்லை. நான் சொன்னதையே அவனும் நம்பினான். விளக்கமறியலுக்குப் பார்க்கப் போனபோது கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதான்.

"உங்கட கண்ணைக் கட்டிப்போட்டன் அண்ணை. என்னை மன்னிச்சுக்கொள்ளுங்கோ."

நான் மன்னித்தேன். மனதார மன்னித்தேன்.

மெல்ரொனின் மனைவி யூலியானா உங்களிடம் சொன்னதெல்லாம் உண்மை. புருசன் செய்த பாவத்துக்குப் பரிகாரமாகத் தானும் கொட்டிலில் இருந்து திறப்பு வாங்குகிறேன் என்று கேட்டு வந்தவர் அவர். நானும் ஒரு கதிரை போட்டுக் கொடுத்தேன். ஆண்கள் அவருக்கு முன்னால் தலையைக் குனிந்துகொண்டு திறப்பைத் தந்தார்கள். என்னிடம் தந்ததைவிட வேகமாக. அப்படியிருக்க, சின்னராசா ஒருநாள் கதையோடு கதையாக அந்த வெள்ளிக்கிழமையைப் பற்றிச் சொல்லிவிட்டார்.

"அண்ணை, அண்டைக்கு ஓட்டோவை ஏன் போகச் சொன்னனீங்கள்?" என்று யூலியானா கேட்டார்.

விளக்கமாகச் சொன்னால் விளங்கிக்கொள்வார் என்று நினைத்தேன். உங்களுக்குச் சொன்ன மாதிரியே ஒன்றையும் மறைக்காமல் சொன்னேன். அவர் கத்தவில்லை. கையிலிருந்த திறப்புகளை மேசையில் வைத்துவிட்டு வெளியே போய்விட்டார். பிறகு நேரே உங்கள் பொலிஸ் நிலையத்துக்கு வந்திருக்கிறார்.

ஆகவே எழுதிக்கொள்ளுங்கள், ஐயா. ஓட்டோவைத் திருப்பி அனுப்பியவன் நான். வேண்டாம் என்றவனின் கையில் திறப்பை வைத்தவனும் நான். அது விமலேஸ்வரியாக இருக்கும் என்று எனக்குத் தெரியாது. யாரோ ஒருத்தி என்பது தெரியும். மெல்ரொனை விட்டுவிடுங்கள், அவனில் எனக்கு ஒரு கோபமும் இல்லை.

ஒரு உதவி மட்டும் கேட்கிறேன். கொட்டிலைக் கல்லால் கட்டி, விமலேஸ்வரியின் பெயரை வைக்கிறார்கள். வருகிற மாதம் திறப்பு விழா. படத்துக்கு முதல் மாலையை நான்தான் போட வேண்டும் என்று தாய் கேட்டிருக்கிறார். அதுவரைக்கும் பொறுத்துக்கொள்ளுங்கள். நான் அங்கே இல்லாவிட்டால் அந்த மனுசிக்கு மனம் தாங்காது.