நேரில் வருபவர் பெண்

— மூணாம் தேதி, செவ்வாய்க்கிழமை, இதே கவுன்டர்ல உக்காந்து கடை வெப்சைட்ல வர்ற வரியை மாத்தியிருக்கே. என்னை ஒரு வார்த்தை கேட்கலை.

— கேட்டா வேண்டாம்பே. அதான் கேட்கலை, அண்ணா.

— என்ன எழுதி வச்சிருக்கேன்னு நீயே வாசி, தாயே. உன் வாயால கேட்கணும்.

— "வீட்டுப் பூட்டு திறக்க, மாற்ற அழையுங்கள். நேரில் வருபவர் பெண்." இதுல என்ன பொய்?

— பொய்னு யார் சொன்னா? ஊருக்கெல்லாம் தமுக்கு அடிக்கணுமான்னு கேட்கிறேன். ஹார்டுவேர் கடைக்காரர் போனை நீட்டிக் காட்டிச் சிரிக்கிறார். "கடையைத் தங்கச்சிக்கு எழுதிக் கொடுத்துட்டீங்களா"ங்கிறார்.

— உனக்குத் தோள்பட்டை போனதுல இருந்து பையைத் தூக்கிட்டு அலையிறது யாருன்னு அவர்கிட்ட சொன்னியா?

— அது வேற விஷயம், தாயே.

— அதேதான் விஷயம். ஒவ்வொரு வாசல்லயும் "ஆள் எங்கேம்மா, வண்டியில இருக்காரா"ன்னு எனக்குப் பின்னால எட்டிப் பார்க்கிறாங்க. நான்தான் ஆள்னு சொல்லிச் சொல்லி வாய் வலிக்குது. இனிமே தேடும்போதே தெரிஞ்சுக்கட்டும்.

— அதுக்கு நெட்ல தேடுறப்ப கடை பேருக்குக் கீழே வர்ற இந்த மெட்டா டேக்தான் கிடைச்சுதா? பழசு எவ்வளவு லட்சணமா இருந்துது! பூட்டு, சாவி, கார் சாவி, பீரோ சாவி, மலிவு, நம்பர் ஒன்னு முழ நீளத்துக்கு எழுதியிருந்தேன்.

— அது கீவேர்ட்ஸ் டேக். தேடுற இன்ஜின் அதை இப்பல்லாம் திரும்பிக்கூடப் பார்க்கிறதில்லை. அதையே டிஸ்கிரிப்ஷன்லயும், கடையைப் பத்திச் சொல்ற இடத்துலயும் கொட்டி வச்சிருந்தே. இன்ஜின் அதைப் பாதியில வெட்டி மூணு புள்ளி வச்சிடுச்சு. ஜனங்க பார்க்கிறது தலைப்பையும் அதுக்குக் கீழே ரெண்டு வரியையும்தான். அதுல எல்லாக் கடைக்காரனும் மலிவு, நம்பர் ஒன்னுதான் கத்துறான். நம்மகிட்ட மட்டும் இருக்கிறதைச் சொல்ல வேண்டாமா?

— அப்படி என்ன இருக்கு நம்மகிட்ட?

— நான் இருக்கேன்.

— நல்லா இருந்தே, போ! உன் வரி வந்த நாள்ல இருந்து போன் அடிக்குது. வேற வேற நம்பர். எடுத்து "ஹலோ, சொல்லுங்க"ன்னா பொசுக்குன்னு வச்சுடுறாங்க. பொண்ணுன்னு போட்டா பொறுக்கிங்கதான் கூப்பிடுவானுங்க.

— பொறுக்கிக்குப் பயந்து நான் ஒளிஞ்சுக்கணுமா?

— சாயங்காலத்துக்குள்ள பழசைப் போடு. இல்லேன்னா வெப்சைட் போட்டுக் கொடுத்தவர்கிட்ட சொல்லி நானே மாத்திடுவேன். கடை என் பேர்ல இருக்கு.

— தாராளமா மாத்து. பையை மேசை மேல வச்சுட்டேன், பார். டிரில் உள்ளேதான் இருக்கு. அந்த வரியில நான் இல்லேன்னா எந்த வாசல்லயும் நான் இல்லை.

— மிரட்டுறியா?

— இல்லை. வேற ஆள் பார்த்துக்கோன்னு சொல்றேன்.

— இந்தா, மறுபடி அடிக்குது. நேத்து வச்ச நம்பர்தான். இரு, இவனை நாலு கேள்வி நாக்கைப் பிடுங்கிக்கிற மாதிரி கேட்கிறேன்.

— கொடு இங்கே. வரி என்னோடது, வர்ற திட்டும் என்னோடதா இருக்கட்டும். ஸ்பீக்கர்ல போடுறேன், நீயும் கேளு. ஹலோ, பூட்டுக் கடை. யாருங்க பேசுறது?

— அம்மாடி, பொம்பளைக் குரல்! ஏங்க, அதுல போட்டிருக்கிற மாதிரி நீங்கதான் வருவீங்களா?

— நான்தாங்க வருவேன். சொல்லுங்க.

— வாசக் கதவுப் பூட்டை மாத்தணுங்க. சண்டை போட்டுட்டுப் போன மனுஷன்கிட்ட இன்னொரு சாவி இருக்கு. நானும் பொண்ணும்தான் இருக்கோம். தெரியாத ஆம்பளையை உள்ள விடத் தைரியம் வரலை. உங்க வரியைப் பார்த்துட்டுத்தான் நேத்தும் அடிச்சேன். யாரோ ஆம்பளை எடுத்தார், வச்சுட்டேன்.

— விலாசம் சொல்லுங்க... சரி, தெரியும். இப்பவே கிளம்புறேன். நான் வர்ற வரைக்கும் உள்தாழ்ப்பாளைப் போட்டுக்கோங்க. அண்ணா, அந்தப் பையை இப்படித் தள்ளு. இந்த போன் இனிமே என்கிட்டதான் இருக்கும்.

— எடுத்துட்டுப் போ, தாயே. நான் ஹலோன்னதும் வச்ச நம்பர் அதுல இன்னும் பதினொண்ணு இருக்கு.