ஆக்ஸில் நட்டு மேல ஒரு கோடு

இல்ல சார், பேரிங் விஷயத்துக்குத்தான் வரேன், நீங்க பேனாவைக் கீழ வைக்காதீங்க. பேரும் அப்பா பேரும் எழுதிட்டீங்க. வயசு ஐம்பத்தாறுன்னு போட்டுக்கோங்க. ஆஸ்பத்திரிச் சீட்டுல ரெண்டு வயசு கம்மியா இருக்கும், அது அங்க எழுதினவன் என் மூஞ்சியைப் பார்த்து இரக்கப்பட்டுப் போட்டது. வீடு பட்டறைக்குப் பின்பக்கம். தொழில்னா என்னத்தைச் சொல்ல? தம்பி பைக் பட்டறை வெச்சிருக்கான். நான் கூட்டுவேன், விளக்கேத்துவேன், வரவங்ககிட்டப் பேசுவேன். அவன் பேசவே மாட்டான். அவனுக்கும் சேர்த்து எனக்கே குடுத்துட்டாரு கடவுள்.

அந்தா ஸ்டேஷன் பெஞ்சுல தலையைக் குனிஞ்சு உட்கார்ந்திருக்கானே, அவன்தான். காலையிலேருந்து அப்படியேதான் இருக்கான். நானும் இந்த நாற்காலியிலேயே இருக்கேன், முட்டி ரெண்டும் என்னோடதான்னு எனக்கே சந்தேகமா இருக்கு. சரி, எழுதுங்க.

போன வெள்ளிக்கிழமை காலையில பால்காரர் வண்டியைத் தள்ளிக்கிட்டு வந்தாரு. முன் வீல் சுத்தினா மாவு அரைக்கிற மாதிரி சத்தம் வருதுன்னாரு. தம்பி வீலைத் தூக்கி ஒரு சுத்து சுத்திவிட்டுக் காதை வெச்சுக் கேட்டான், "பேரிங் போச்சு"ன்னான். அன்னைக்கு அவன் பேசினதே அவ்வளவுதான். அதுக்கப்புறம் வீல் நடுவுல குறுக்கே போற ஆக்ஸில் கம்பியை உருவி, வீலைக் கழட்டி, புல்லரை எடுத்தான். நீங்க சாக்குப் பையில கட்டி வெச்சிருக்கீங்களே, அதுல இருக்கு. அதை ஓட்டைக்குள்ள விட்டுத் திருகினா விரல் மாதிரி விரிஞ்சு பேரிங்கைப் பின்னாலேருந்து புடிச்சுக்கும், அலுங்காம வெளிய வந்துரும். மத்த பட்டறையில ஸ்குரு டிரைவரை நட்டு வெச்சு சுத்தியால சாத்துவாங்க. இவன் அப்படி அடிக்கிறவனைப் பார்த்தா சோறு திங்க மாட்டான்.

அதுக்கப்புறம் புதுப் பேரிங்கை வெச்சு, மேல வட்டமா ஒரு இரும்பு வில்லையை வெச்சுத் தட்டினான். அந்த வில்லை பேரிங்கோட வெளி வளையத்துல மட்டும்தான் படும். உள்வளையத்துல அடி விழுந்தா உள்ள இருக்கிற குண்டுக்குக் காயம் பட்டுரும்னு சொல்லுவான். அதுக்கப்புறம் மறுபக்கம், அப்புறம் கிரீஸ், அப்புறம் வீலை மாட்டி ஆக்ஸிலை விட்டு நட்டைப் போட்டு, நீளமா பிடி வெச்ச டார்க் ரெஞ்சால முறுக்கினான். வேணுங்கிற அளவு இறுகினதும் அது 'டக்'னு சத்தம் போடும். நான் அப்ப விளக்கு முன்னாடி உட்கார்ந்து ஜெபிச்சுக்கிட்டிருந்தேன். ஒரு 'டக்' கேட்டுச்சு, விட்டு இன்னொரு 'டக்'. அவன் எப்பவும் ரெண்டு தடவை பார்ப்பான். சத்தமெல்லாம் சாட்சி ஆகாதும்மான்னு நீங்க சொல்லிட்டீங்க. சாமி முன்னாடி உட்கார்ந்து கேட்டதுன்னு ஓரமாவாவது எழுதுங்க.

அதுக்கப்புறம் கோடு போட்டான். அதுதானே இப்பப் பிரச்சினை. நட்டு இறுகினதும், நகப் பாலிஷால நட்டு மேலேருந்து, வீலை ரெண்டு பக்கமும் தாங்குற ஃபோர்க் கம்பி வரைக்கும் ஒரே இழுப்பா ஒரு கோடு இழுப்பான். பின்னால எவனாவது நட்டைத் திருப்பினா கோடு வெட்டிக்கும், பார்த்தவுடனே தெரிஞ்சுரும். மீசை வெச்ச ஆம்பளை நகப் பாலிஷோட உட்கார்ந்திருக்கானேன்னு தெருவே சிரிக்கும். அவனுக்கு அதெல்லாம் காதுல விழாது.

சனிக்கிழமை பால்காரரோட மச்சான் வந்தாரு. எல்லாம் தெரிஞ்ச மனுஷன், கல்யாணத்துல மைக் செட்டையும் அவர்தான் ரிப்பேர் பண்ணுவாரு. "அந்த நீள ரெஞ்சை ஒரு மணி நேரம் குடுங்க, வீட்டுல சின்ன வேலை"ன்னாரு. தம்பி முடியாதுன்னு தலையை ஆட்டிட்டான். கடவுளே வந்து கேட்டாலும் அவன் டூல்ஸை வெளிய விட மாட்டான். "ரொம்பத்தான்! தங்கத்துலயா செஞ்சு வெச்சிருக்கீங்க?"ன்னு சொல்லிட்டுப் போனாரு. எதுக்குச் சொல்றேன்னா, டூல்ஸை அவன் எப்படிப் பார்த்துக்குவான்னு உங்களுக்குத் தெரியணும்.

திங்கட்கிழமை விடியக்காலம் கால்வாய் ரோட்டுல முன் வீல் ஆடி, பால்காரர் கேனோட புல்லுல உருண்டு கால் ஒடிஞ்சு கிடக்காரு. பாவம், நான் போய்ப் பார்த்தேன், அவர் எங்களை ஒண்ணும் சொல்லல. அதுக்கப்புறம் மச்சான்தான் உங்ககிட்ட வந்து, மெக்கானிக் நட்டை இறுக்கல, அதுக்கப்புறம் வேற யாரும் கை வைக்கலன்னு எழுதிக் குடுத்தாரு. நீங்க பட்டறைக்குப் பூட்டுப் போட்டீங்க. தம்பியைக் கேட்டீங்க, அவன் "சிவப்புக் கோடு போட்டேன்"னான். உங்க ஆளு போய்ப் பார்த்துட்டு, நட்டுல சிவப்பே இல்லைங்கிறாரு. இதுல பொய் சொன்னவன் எல்லாத்துலயும் பொய்தான்னு இன்ஸ்பெக்டர் ஐயா சொல்லிட்டாரு. அவன் ஜெயிலுக்குப் போனா நான் யாருகிட்ட சார் பேசுவேன்?

நானும்தான் பார்த்தேன். காலையில உட்கார இடமில்லாம முற்றத்துல அந்த வண்டிகிட்டயே நின்னேன். சிவப்பு இல்லதான். நட்டு இருக்கிற பக்கம் நட்டு மேல பச்சையா ஒரு தீத்தல், மறுபக்கம், ஆக்ஸில் தலை இருக்கிற பக்கம், ஃபோர்க்குல ஒரு கீத்து பச்சை. புல்லுல ரெண்டு பக்கமும் புரண்டிருக்குன்னு நெனச்சேன். எனக்கு அழுகை வந்துருச்சு. நாப்பது வயசு வரைக்கும் பொய் சொல்லாதவன் இதுக்கா சொன்னான்னு.

அவனைப் பத்தி இன்னும் ஒண்ணு. வயர் வேலைன்னா நான் பக்கத்துல நிக்கணும். பொறந்ததுலேருந்து அவனுக்குச் சிவப்புக்கும் பச்சைக்கும் வித்தியாசம் தெரியாது. மிளகாய் பறிச்சுட்டு வாடான்னா பழுத்ததையும் பிஞ்சையும் சேர்த்துப் பறிச்சுட்டு வந்து அம்மாகிட்ட உதை வாங்குவான். நான்தான் "இது சிவப்பு, இது பச்சை"ன்னு எடுத்துக் குடுப்பேன்.

அவ்வளவுதான் சார். நான் பார்த்ததையும் கேட்டதையும்தான் சொன்னேன், யாரும் சொல்லிக் குடுத்து வரல, நீங்க படிச்சுக் காட்டினது நான் சொன்னபடியே இருக்கு. எங்க போடணும் கையெழுத்து, இங்கயா? எழுத்துக் கூட்டித்தான் போடுவேன், அவசரப்படுத்தாதீங்க.

சார். ஒரு நிமிஷம். இன்னும் ஒரு வரி எழுதுங்க.

போன வாரம், பால்காரர் வண்டி வரதுக்கு முன்னாடியே, தம்பியோட டூல்ஸ் தட்டுல இருந்த சிவப்பு நகப் பாலிஷ் பாட்டில் காஞ்சு போச்சு. என் பொண்ணு புதுசா ஒரு நகப் பாலிஷ் வாங்கிட்டு வந்தா, கிணத்துப் பாசி கலர்ல. பொம்பளப் புள்ளை விரலா இதுன்னு திட்டிப் புடுங்கி, வீணாப் போக வேண்டாம்னு அதை நான்தான் தம்பியோட தட்டுல வெச்சேன். அவன்கிட்டச் சொல்லல. உங்க சாக்குப் பையிலதான் கிடக்கும், அவிழ்த்துப் பாருங்க. ஒரே இழுப்பா போட்ட கோடு, நட்டுல ஒரு பக்கமும் ஃபோர்க்குல மறுபக்கமுமா பிரிஞ்சு கிடக்குன்னா, பின்னால யாரோ ஆக்ஸிலைக் கழட்டித் திருப்பி மாட்டியிருக்காங்க. அவன் கண்ணுக்கு அதுவும் சிவப்புதான் சார்.